கலியாண மாதத்தில் ஒரு மெசின்

"புதுசையே வாங்குவம் அம்மா. பழசைக் கண்டா மாப்பிள்ளை வீட்டுச் சனம் சிரிக்கும்."

முகைதீன்பாவாவின் கடைக்குள் காலை வைத்ததிலிருந்து புஸ்பம் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய கலியாணத்துக்கு இன்னும் பன்னிரண்டே நாள். தாய் சீதேவிப்பிள்ளை காலை நீட்டித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கல்லடியிலிருந்து பாலத்தைக் கடந்து நடந்தே வந்தவள். புளியந்தீவில் ஏறி இறங்கிய மூன்றாவது கடை இது.

மெசின் ஒன்று பார்க்கப் போகிறேன் என்று காலையில் அவள் சொன்னதும் புஸ்பம் தானும் புறப்பட்டுவிட்டாள். கலியாண மாதத்தில் வாங்குகிற தையல் மெசின் சீதனச் சாமானோடு சேருவதுதான் ஊர் வழக்கம். முகைதீன்பாவாவும் மணப்பெண்ணைப் பார்த்துத்தான் சிரித்தார்.

"இந்தாங்க புள்ள, கால் மெசின். கப்பல்ல சாமான் வாறது நிண்டு போச்சு. புதுசு இது ஒண்டுதான் மிச்சம்."

புஸ்பம் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள். சில்லு சத்தமே இல்லாமல் சுற்றியது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சீதேவிப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. "மூலைக்குள்ள கிடக்கிறது என்ன காக்கா?" என்று அவரை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"அதுவா? பழைய கை மெசின், தங்கச்சி. நான்தான் பிரிச்சுப் பூட்டின. நல்லாத்தான் ஓடும். ஆனா கலியாணப் புள்ளைக்கு அது..."

"இஞ்ச எடுங்க, பாப்பம்."

தரையில் தன் முன்னால் வைக்கச் சொன்னாள். ஊசியில் நூல் கோர்க்க மூன்று தரம் முயன்றாள், கண் பிடிக்கவில்லை. நான்காவது தரம் கோர்த்து, ஒரு துண்டுத் துணியைத் தைத்து, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். தையல் விடவில்லை. பிறகு எழுந்து மெசினைத் தூக்கியும் பார்த்தாள்.

முகைதீன்பாவாவுக்கே பொறுக்கவில்லை. அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள்.

"குறை நினைக்காதீங்க தங்கச்சி. வீடு வளவெல்லாம் மகள்ட பேருக்கு எழுதியாச்சு எண்டீங்க. மாப்பிள்ளையும் அங்கதான் வந்து இரிக்கப் போறார். அவ்வளவையும் குடுத்திட்டு இதில போய்க் கையைச் சுருக்கிறீங்களே?"

சீதேவிப்பிள்ளைக்குப் பேசவே அலுப்பாக இருந்தது. பத்து மாதமாக மாப்பிள்ளை வீட்டாரோடு பேசிப் பேசியே வாய் ஓய்ந்துபோனவள்.

"மருமகன்ட கையைப் பாத்து நிக்கக் கூடாது காக்கா. அதுக்கு இது போதும்."

அது நியாயம்தான் என்று அவரும் தலையாட்டினார். புஸ்பம் தலையாட்டவில்லை. புது மெசினில் வைத்த கையை எடுக்காமலே அழத் தொடங்கினாள்.

"அப்பா இருந்திருந்தா புதுசுதான் வாங்கித் தந்திருப்பார்."

பிள்ளைகள் இப்படி ஒரு சொல்லைக் கடைசிவரை கைக்குள் வைத்திருப்பார்கள். இருந்தும் சீதேவிப்பிள்ளை மடியை அவிழ்த்துக் காசை எடுத்தாள். பழைய மெசினைத்தான் கட்டித் தரச் சொன்னாள்.

வெளியில் நல்ல வெயில். புஸ்பம் கடை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஒரு மெசினுக்குக் கூட நான் பெறுமதி இல்லாமப் போனன் என்ன? கலியாணத்துக்கு வாற சனத்துக்கு முன்னால இந்தப் பழசை எங்க அம்மா வைக்கிற? நடு வீட்டிலயா?"

சீதேவிப்பிள்ளை மெசினை இடுப்பில் ஏற்றி, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். மகளைப் பார்த்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"வீடுதான் உனக்குப் புள்ள. மெசின், பின்வளவுக் குடிலுக்குப் போற எனக்கு."