எதிர்த்தரப்புக்குப் போன ஆதாரம்

"இன்னா மேடம், நீங்க யார் பக்கம்?"

கோர்ட் வராந்தாவில் மேகலா போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அரசு வக்கீல் பூர்ணிமா அப்போதுதான் ஒரு பென் டிரைவை எதிர்த்தரப்பு வக்கீலிடம் கொடுத்திருந்தார்.

"எங்க வூட்டுக்காரரை வயித்துல குத்தினவன் அந்த நயீம். அவனைக் காப்பாத்த நீங்களே ஆதாரம் எடுத்துக் குடுக்குறீங்களா? விலை போய்ட்டீங்களா?"

"மெதுவா பேசும்மா. விசாரணைக்கு முன்னாடி நம்மகிட்ட இருக்குறதை எல்லாம் அவங்களுக்கும் குடுத்தாகணும். அதான் சட்டம்."

"நமக்கு எதிரா இருந்தாலுமா?"

"அப்போ கண்டிப்பா குடுக்கணும்."

"அப்படி இன்னாதான் இருக்குது அதுல?"

பூர்ணிமா லேப்டாப்பைத் திறந்தார். மாதனூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் கடையின் கேமரா. பதிவு போன வாரம்தான் கைக்கு வந்ததாம்.

மேகலாவின் புருஷன் காசி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினார். முகத்தில் கர்ச்சீப் கட்டிய ஒருத்தன் பின்னாலிருந்து வந்து அவர் செல்போனைப் பிடுங்கினான். அவர் விடவில்லை. குத்திவிட்டு ஓடினான்.

நின்றவர்கள் ஒதுங்கிப் போனார்கள். ஒருத்தன் மட்டும் பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான். சட்டையைக் கழற்றிக் காயத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

நயீம்.

அடுத்து ஒரு பெண் ஓடி வந்தாள். வந்த வேகத்தில் அவன் முடியைப் பிடித்து இழுத்து அறைந்தாள்.

அந்தப் பெண் மேகலாதான். அன்றைக்கு அவள் பார்த்தது ரத்தக் கையோடு இருந்தவனை மட்டும்தான். குத்தினதைப் பார்க்கவில்லை. கேஸ் நிற்க வேண்டுமே என்று, "என் கண்ணால பார்த்தேன்" என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தைதான் அவனை இன்னும் ஜெயிலில் வைத்திருந்தது.

"மேடம்... நான்..."

"ஜட்ஜ்கிட்ட சொல்லும்மா" என்றார் பூர்ணிமா. அவர் கோபப்படாததுதான் ஜாஸ்தி சுட்டது.

வாசற்படியில் பர்தாவோடு நின்றிருந்தார் நயீமின் அம்மா பில்கிஸ். போன வாய்தாவில் இதே இடத்தில்தான் மேகலா அவரைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றியிருந்தாள்.

தலையைக் குனிந்தபடி கிட்டே போனாள்.

பில்கிஸ்தான் பேசினார்.

"ஜெயில்ல பார்க்கப் போறப்பல்லாம் என் புள்ளை முதல்ல கேக்குறது ஒண்ணுதாம்மா. 'அந்த அண்ணனுக்குக் காயம் ஆறிடுச்சா'ன்னு. உன்கிட்ட கேக்கத்தான் பயமா இருந்தது. நான் இன்னான்னு சொல்லட்டும்?"