எடெமின் வாக்கு

மேற்கு ஆப்பிரிக்காவின் மணிவிளக்காம் இத்தேசத்தின் மாண்புமிகு குடிமக்களுக்கு அறிவிப்பது: பதினாறாண்டு ராணுவ ஆட்சி இன்றோடு முடிகிறது, ஜெனரல் சீருடையைக் கழற்றிவிட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு தேர்தலில் நிற்கிறார்.

வாக்குச்சாவடியில் அஃபி பட்டியலை எட்டிப் பார்த்தாள். ஒன்பது வருடங்களுக்கு முன் சிப்பாய்கள் வீட்டிலிருந்து இழுத்துப்போன மகன் எடெமின் பெயருக்கு நேரே டிக் போட்டிருந்தது.

“என் புள்ள வந்தானா தம்பி?”

“காலையிலேயே ஓட்டுப் போட்டுட்டுப் போயிட்டாரும்மா,” என்றார் அதிகாரி.

“ரொம்ப மெலிஞ்சிருந்தானா? எந்தப் பக்கமா போனான்?”

“விரலை நீட்டுங்கம்மா.”

மை காய்வதற்குள் அவள் வெளியே ஓடி, மை வைத்த விரலோடு தெருவில் போன ஒவ்வொரு ஆணையும் நிறுத்தி முகம் பார்த்தாள்.

அன்று எடெமோடு இழுத்துச் செல்லப்பட்ட பதினோரு பேரும் விடிந்ததுமே வாக்களித்துவிட்டதாகப் பட்டியலில் இருந்தது.