கட்டு எந்தக் கையில?

"நேத்து இடது கையில இருந்த கட்டு, இன்னைக்கு எப்படிம்மா வலது கைக்கு வந்துச்சு?"

துணிக்கடையின் ஸ்டாக் ரூமுக்குள் மேனேஜர் போட்ட சத்தம் வெளியே பில் போட்டுக்கொண்டிருந்த கேஷியர் வரைக்கும் கேட்டது. கட்டு கை மாறியதைக் கண்டுபிடித்து வந்து சொன்னதே அந்தக் கேஷியர்தான்.

"நேத்தும் வலதுதான் சார்..." என்றாள், குழந்தைகள் துணி செக்‌ஷனில் நிற்கிற அந்தப் பெண்.

"யாருக்குக் காது குத்துறே? கழட்டு அதை!"

மேனேஜருக்குக் கடையில் 'முட்டி சார்' என்று பேர். பேன்ட்டுக்கு மேலேயே வலது முட்டியில் கறுப்பு பெல்ட் மாட்டியிருப்பார். காலை இழுத்து இழுத்து நடப்பார். கேஷியர்கூட நின்றுகொண்டுதான் பில் போட வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். அந்தக் கடையில் நாற்காலி அனுமதி இவர் ஒருத்தருக்குத்தான். எட்டு நாளாக இவளுக்கும் ஒரு ஸ்டூல். கட்டைப் பார்த்துவிட்டு முதலாளியே போடச் சொன்னது.

சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். வீக்கம் இல்லை. காயம் இல்லை. சிவப்புகூட இல்லை.

"அடிப்பாவி! ஒண்ணுமே இல்லையே!"

"அந்தக் கையில இல்ல சார்."

"பின்னே எங்கேதான்மா வலி?"

"இன்னைக்கு இடது கை, கழுத்து. நேத்து வலது கை, இடுப்பு. நாளைக்கு எங்கேன்னு காலையில எழுந்தாத்தான் தெரியும்."

"வலி என்ன ஷிஃப்ட் முறையில வேலை பார்க்குதா?"

"ஃபைப்ரோமயால்ஜியா சார். மூணு மாசம் முன்னாடியே சொன்னேனே! டாக்டர் சீட்டுகூடக் கொடுத்தேன்."

"கொடுத்தே! வாயில நுழையாத பேரு. எக்ஸ்ரே நார்மல், ரத்தம் நார்மல். எதைக் காட்டி முதலாளிகிட்ட ஸ்டூல் கேக்கிறது?"

"அதான் சார்!" அவளுக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "மூணு மாசம் கெஞ்சினேன். 'ஆளு நல்லாத்தானே இருக்கே'ன்னு அனுப்பிட்டீங்க. போன திங்கள்கிழமை கட்டுப் போட்டுக்கிட்டு வந்தேன். யாரும் ஒரு கேள்வி கேக்கல. ஏணி ஏற வேண்டாம்னீங்க. இதே கேஷியரக்கா தண்ணி எடுத்துக் கொடுத்தாங்க. இந்த எட்டு நாளாத்தான் வீட்டுக்குப் போனா என் சட்டை பட்டனை நானே கழட்டறேன். முன்னேயெல்லாம் அதுக்கும் பொண்ணைத்தான் கூப்பிடணும்."

"சரி, ஏமாத்தறதுதான் ஏமாத்தறே. வலிக்கிற கையிலயே கட்டித் தொலைக்க வேண்டியதுதானே?"

"அதுல கட்டினா உயிர் போகுது சார். துணி உரசினாலே தாங்கல. அன்னைக்கு எந்தக் கை சும்மா இருக்கோ, அதுலதான் கட்ட முடியும்."

மேனேஜர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இடுப்பு வலின்னா இடுப்புல ஒரு பெல்ட்டைப் போட்டுக்கிட்டு வா. அதாவது நிஜமா இருக்கும்ல?"

"உள்ளே போட்டா யாருக்கு சார் தெரியும்?"

மேனேஜர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"வேலையை விட்டு அனுப்பிடாதீங்க சார். இன்னொரு கடைக்குப் போனா, மறுபடியும் முதல்லேர்ந்து நிக்கணும்."

அவள் கையிலிருந்த கட்டுத்துணி நழுவி, அலமாரிக்கு அடியில் உருண்டு ஓடியது. மேனேஜர் சட்டென்று குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அதை எடுத்தார். எழுந்திருக்கும்போதுதான் 'அம்மாடி' என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து கத்தினார்.

"கேஷியரம்மா! விசாரிச்சுட்டேன். நேத்தும் வலது கைதான். நீங்க கண்ணாடியை மாத்துங்க!"

"என் கண்ணு நல்லாத்தான் சார் தெரியுது!"

"அப்போ என் கண்ணு நொள்ளையா? எதிர்லயே உக்காந்து பார்த்தவன் நான்! பில்லைப் போடுங்கம்மா, ஆள் நிக்கிறாங்க!"

கதவைப் படாரென்று சாத்தினார். அவள் ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

"கையை நீட்டு. வலது. இனிமே இதுதான். வலிச்சாலும் இதுதான்." விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாகச் சுற்றினார். "உறுத்துதா?"

"இல்ல சார்."

"இறுக்கிக் கட்டினாத்தான் கட்டுன்னு எவன் சொன்னான்? பார்க்கிறவன் கண்ணுக்குத் துணி தெரிஞ்சாப் போதும்."

"இதை மூணு மாசம் முன்னாடியே நம்பியிருக்கலாமே சார்..."

"நீ சீட்டைக் கொடுத்த அன்னைக்கே நம்பிட்டேன்! நான் நம்பி என்ன ஆகப்போகுது? மேல் மாடியில உக்காந்து கேமராவுல பார்க்கிற மனுஷன் நம்பணும். கேமராவுல கட்டு தெரியும். வலி தெரியுமா?"

கடைசிச் சுற்றில் ஒரு ஊக்கைக் குத்தினார். எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

"எட்டே நாள்ல மாட்டிக்கிட்டியேம்மா! சே!" தன் முட்டி பெல்ட்டைப் பட்டென்று தட்டினார். "பன்னிரண்டு வருஷம். ஒரு நாளாவது இது கால் மாறிப் பார்த்திருக்கியா?"

அவள் வாய் பிளந்தது.

"சார்... அப்போ உங்க முட்டி?"

"முட்டிக்கு என்ன கேடு? குத்துக்கல்லாட்டம் இருக்கு. இடுப்புதான் போச்சு" என்றவர், கதவைத் திறந்துகொண்டு, வலது காலை இழுத்து இழுத்து வெளியே நடந்தார்.