சுவருக்கு அந்தப் பக்கம்

முதல் சம்பளத்தில் மகள் வாங்கிய ஏசியை மாட்ட மெக்கானிக் தனியாகத்தான் வந்தார். இடுப்பில் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டும் இல்லை.

“ரெண்டு நிமிஷ வேலைம்மா. ஜன்னலைப் புடிச்சிக்கிட்டு வெளிய நின்னுக்குவேன்.”

“எங்கப்பாவும் ரெண்டு நிமிஷம்னுதான் சொன்னாரு,” என்றாள் மகள். “ஊருக்கெல்லாம் ஏசி மாட்டின மனுஷன், எவன் வீட்டு மாடியிலிருந்தோ விழுந்து செத்தாரு. கம்பெனிக்காரன் மாலையோட வந்தான், பெல்ட்டோட வரல. பெல்ட் வர்ற வரைக்கும் உள் வேலையை மட்டும் பாருங்கண்ணே. நாங்க வெந்தே கெடக்கறோம்.”

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

மெக்கானிக் முணுமுணுத்தபடி செம்புக் குழாயைச் சுவர் ஓட்டையில் நுழைத்தார். எப்போதும் வெளியே ஓர் ஆள் நிற்கும் பழக்கம். “இழுங்கண்ணே” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

குழாய் அவர் கைக்குள் மெல்ல நழுவி வெளியே போனது. வேண்டிய அளவு போனதும் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

மகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கால் வைக்க இடமில்லாத வெறும் சுவர். மூன்று மாடிக்குக் கீழே தெரு.

மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா எழுந்து வந்து ஓட்டைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்தாள்.

“போதுங்க,” என்றாள். “பாத்து எறங்குங்க.”