ஒரு சின்ன நடுக்கம்

1992. “பெற்றோர் விசா விஷயம்” என்று லண்டன் பிளேஸ்டோ குடிவரவு ஆலோசனை நிலையத்தில் வந்து அமர்ந்த எழுபது வயது யேசுரட்ணத்தோடு ஆலோசகர் அருள்மலர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஐயா, பெற்றோர் பிள்ளையை நம்பித்தான் இருக்கினம் எண்டு விசா குடுக்கிற ஹோம் ஆபீசுக்குக் காட்டவேணும். கொஞ்சம் நடுங்குங்கோவன்!”

“நானோ நடுங்கிறது? அரிசி மூட்டையை நான் இறக்கினால் லண்டனே குலுங்கும், பிள்ளை!”

“இப்பிடிக் கதைச்சால் திருப்பி ஊருக்கு ஏத்திவிடுவினம்.”

“என்னை ஆர் ஏத்திறது? நான் பிரிட்டிஷ் சிட்டிசன். ஸ்பொன்சர் செய்யிற பிள்ளையே நான்தான்!”

யேசுரட்ணம் எழுந்து கதவைத் திறந்தார். “அம்மா, உள்ளுக்கு வாங்கோ.”

வெளியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தொண்ணூறு வயதுத் தாய் பிலோமினம்மா, ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார்.

“ஹோம் ஆபீசுக்கு எழுது பிள்ளை, நானும் நடுங்கமாட்டன்!”