அண்ணன் கேட்ட கையெழுத்து

“ஒரே ஒரு கையெழுத்துதான் அம்மணி. மிதுனைப் போடச் சொன்னீன்னா எம் பொண்ணு வர்ஷினி புருசங்கிட்டப் போய்ச் சேர்ந்துருவா.”

கிணத்துக்கடவிலிருந்து வடவள்ளிக்கு வேகாத வெயிலில் வந்திருந்த காளிச்சாமி, தங்கச்சி கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் கேட்டார்.

மாரியாத்தாளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முகத்தை மட்டும் இழவு வீட்டுக்கு வந்தவள்போல வைத்துக்கொண்டாள்.

“ஏனுங்ணா, மாப்பிள்ளை அங்கயே பொறந்த அமெரிக்கா சிட்டிசனுன்னீங்க! கட்டுன பொண்டாட்டியைக் கூப்பிட்டுக்கறதுக்கு எங்க பையன் கையெழுத்து எதுக்குங்க?”

“அவரு இன்னும் ஆராய்ச்சிப் படிப்புல இருக்கறாரும்மா. ஸ்பான்சர் பண்ண அந்த வருமானம் பத்தாதாம். அங்க கிரீன் கார்டு வெச்சிருக்கற இன்னொருத்தரு, ‘இந்தப் பொண்ணுக்கு நானும் பொறுப்பு’ன்னு சேர்ந்து கையெழுத்துப் போடோணுமாம். மாப்பிள்ளையோட அப்பா அம்மா சொந்த ஊரு கோபிக்கே திரும்பி வந்துட்டாங்க. நமக்கு அங்க மிதுனை விட்டா ஆரு இருக்கறா?”

‘வாங்க வாங்க, இப்பத் தெரியுதா!’ என்று மாரியாத்தாள் உள்ளுக்குள் கொண்டாடினாள்.

காரணம் இல்லாமலா? ஏழு வருசத்துக்கு முன்னால் இதே அண்ணன்தான், “மொறைப்பொண்ணு இருக்கறப்ப வெளிய எதுக்கு அம்மணி தேடோணும்? வர்ஷினியை மிதுனுக்குக் கட்டிக்க” என்று வந்து நின்றார். மிதுனுக்கும் பிடித்துத்தான் இருந்தது. மாரியாத்தாள்தான் உதட்டைப் பிதுக்கினாள். அமெரிக்காவில் வேலை பார்க்கிற பையனுக்கு அண்ணன் வீட்டுத் தென்னந்தோப்பு எந்த மூலைக்கு?

அப்புறம் பார்த்த பெண்ணெல்லாம் தட்டித் தட்டிப் போனதில் மிதுனுக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது. இப்போது பெண் வீட்டுக்காரர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அந்த வர்ஷினிக்கோ, தேடாமலே அமெரிக்க மாப்பிள்ளை! கல்யாணப் பந்தியில் மாரியாத்தாளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. தான் வேண்டாமென்று தள்ளிய பெண் நல்லா இருந்தால் வயிறு எரியாதா? எரிந்தது, நன்றாகவே எரிந்தது.

“அது முடியாதுங்ணா,” என்றாள். “நாங்க பையனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கறம். நாளைக்கு வர்றவ, ‘இன்னொருத்தன் பொண்டாட்டிக்கு நீ எதுக்குப் பொறுப்பு?’ன்னு கேட்டா நான் என்ன பதிலுங்க சொல்றது?”

“சும்மா பேருக்குத்தான் அம்மணி...”

“பேருக்குன்னா அத்தனை பெரிய கவர்மென்ட்டு எதுக்குங்க கேக்குது? நீங்க நேரா மிதுன்கிட்டக் கேட்டுப்போடாதீங்க. அவன் எளகுன மனசுக்காரன். எம் மேல சத்தியம் பண்ணுங்ணா.”

காளிச்சாமி மோரைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். “உனக்குப் பிடிக்காததை நான் செய்வனா? கேக்க மாட்டேன், விடு” என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கார் தெருமுக்குத் திரும்பியதுதான் தாமதம், மகனுக்குப் போன் போட்டாள். இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஆள் வேண்டுமே!

“கேட்டியா கண்ணு? உன்ற மாமனூட்டுல வெண்ணெய் தெரண்டு வர்றப்ப தாழி ஒடஞ்சு போச்சு! அமெரிக்கா மாப்பிள்ளைக்கு வருமானம் பத்தாதாம். உன்ற கையெழுத்தைக் கேட்டு வந்தாரு. ஒரேயடியா முடியாதுன்னுபோட்டேன்.”

“சரிங்கம்மா,” என்றான் மிதுன். “நீங்க சாப்பிட்டீங்களா?”

அதற்கப்புறம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து, ஒரு சீர் விடவில்லை மாரியாத்தாள். “பாவமுங்க, புருசன் அங்க, பொண்டாட்டி இங்க. என்ன பொழப்போ!” என்று போன இடத்திலெல்லாம் உச்சுக் கொட்டினாள். அடடா, அதில்தான் என்ன ஒரு சுகம்!

தை பிறந்து ஒரு நாள் காலையில் அண்ணன் கார் வாசலில் வந்து நின்றது. கூடவே வர்ஷினியும் இறங்கினாள்.

‘இப்பப் பொண்ணையே கூட்டிட்டுக் கெஞ்ச வந்துட்டாரா?’ மாரியாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாரானாள்.

வர்ஷினி வந்த வேகத்தில் அத்தை காலில் விழுந்து எழுந்தாள்.

“விசா வந்துருச்சுங்க அத்தை! வெள்ளிக்கிழமை கெளம்பறேன்.”

மாரியாத்தாள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“ஆ... ஆருங்ணா கையெழுத்துப் போட்டது?”

காளிச்சாமி கடகடவென்று சிரித்தார். “பாரு கண்ணு, ஒண்ணுந் தெரியாத மாதிரி கேக்கறா உங்க அத்தை!”

சிரித்தவருக்கு அப்படியே கண் கலங்கிவிட்டது.

“மிதுன் எல்லாத்தையும் சொல்லிப்போட்டான் அம்மணி. அன்னைக்கு நான் ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள அவனே கூப்பிட்டான். ‘மாமா, அம்மா இப்பத்தான் போன் பண்ணுனாங்க. பொண்ணு பாக்கற நேரம்னு பயந்து முடியாதுன்னுட்டாங்களாம். நீங்க மூஞ்சி வாடிப் போறதைப் பாத்து மனசு கேக்காம அழுகறாங்க. வர்ஷினி நம்ம ஊட்டுப் புள்ளை, நீயே கையெழுத்துப் போட்டுருன்னு சொல்லீட்டாங்க’ன்னான். விசா கைக்கு வர்ற வரைக்கும் உங்கிட்டக் காட்டிக்க வேண்டாம்னு வேற கேட்டுக்கிட்டான். அதான் இத்தனை மாசமும் வாயைத் தொறக்காம இருந்தேன்.”

மாரியாத்தாள் செருகிய முந்தானையை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கு நீங்க முடியாதுன்னதை அப்பா வழியில இருந்தே போன்ல சொன்னப்ப உங்களை வாய்க்கு வந்தபடி திட்டிப்போட்டேனுங்க அத்தை. என்னை மன்னிச்சுக்குங்க!” என்று வர்ஷினி மறுபடியும் அவள் காலில் விழுந்தாள்.