பாதியாய் வந்த கோப்பு

மாமாவின் ஸ்கேன் கோப்பு பாதி அளவில் வந்து நின்றது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா வீட்டுக்காரரின் உடம்பு எனக்குத் தெரியாதா?

இந்த மருத்துவமனையில் ஸ்கேன் படங்களைச் சுருக்கிச் சேமிப்பது என் வேலை. ஒரு புள்ளியைக்கூட விடக் கூடாது. விரித்தால் படம் அப்படியே திரும்பி வர வேண்டும்.

ஒல்லியானவர்களின் படம் சொன்ன பேச்சைக் கேட்டு மடங்கிக்கொள்ளும். பருமனான உடம்பைக் கடப்பதற்குள் எக்ஸ்ரே கதிர் களைத்துவிடும். படமெங்கும் மணலை வாரி இறைத்ததுபோல் புள்ளிகள். இரைச்சல் என்போம். அதற்கு ஓர் ஒழுங்கும் கிடையாது. ஒழுங்கில்லாததைச் சுருக்க முடியாது, கோப்பு உப்பிக்கொண்டு கிடக்கும்.

போன தடவை மாமாவின் கோப்புதான் எங்கள் அறையிலேயே பெரியது. சர்வருக்கே மூச்சு வாங்குகிறது என்று கேலி செய்தோம். அவரும் தொப்பையைத் தட்டிச் சிரித்தார்.

பிறகு வெளியூர் வேலைக்குப் போனவர் இன்றுதான் திரும்பியிருக்கிறார். இருமல் நிற்கவில்லையென்று அக்கா நேராக இங்கே இழுத்து வந்துவிட்டாள். நான் இன்னும் அவரைப் பார்க்கவில்லை.

படங்களின் எண்ணிக்கையைச் சரிபார்த்தேன். எதுவும் விடுபடவில்லை. அப்படியானால் ஆள் மாறாட்டம்தான். ஸ்கேன் அறைக்குப் போன் போட்டேன்.

"யாரோ ஒல்லிப்பிச்சானோட படத்தை எங்க மாமா பேர்ல அனுப்பியிருக்கீங்க."

வாய்க்கு வாய் பதில் கொடுக்கும் டெக்னீஷியன் இன்று சிரிக்கவில்லை. படத்தைத் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

திறந்தேன். இரைச்சலே இல்லை. துடைத்த கண்ணாடிபோல் அத்தனை தெளிவு. வலது நுரையீரலில் இருந்ததைக் கண்டுபிடிக்க டாக்டர் தேவையில்லை.

யார் பெற்ற பிள்ளையோ, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

கதவைத் தள்ளி ஒருவர் எட்டிப் பார்த்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நழுவும் கால்சட்டையை ஒரு கையால் பிடித்திருந்தார். வெளியே உட்காருங்கள், கூப்பிடுவார்கள் என்றேன்.

அவர் சிரித்தார்.

"என்ன மாப்ள, அடையாளமே தெரியலையா? தொப்பை போன இடம் தெரியல பாரு. இந்தத் தடவை நீ கேலி பண்ண முடியாது!"

எழுந்தேன். எனக்குப் பின்னால் படம் திறந்தபடியே இருந்தது. திரையை மறைத்து நின்றுகொண்டு, சூப்பர் மாமா என்றேன்.